பதினோரு கண்மாய்க் கார்டுகள்

மேலச்சுனையூர்,
அலங்காநல்லூர் வழி.
24.1.2025

பெர்சிக்கு,

செல்லத்தாய் எழுதுவது. 'அன்புள்ள' என்று போட மனசு வரவில்லை, போடவில்லை. போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் நான் மசிந்துபோவேன். ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்ட நாளிலிருந்து அப்படித்தான். கடிதத்தில் அந்தப் பயம் இல்லை.

நேற்று பஞ்சாயத்து ஆபீசில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஊர் மேற்கே இருக்கிற அட்டை மில்லை மூன்று மடங்கு பெரிதாக்கப் போகிறார்களாம். பிப்ரவரி 21-ஆம் தேதி கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் படித்துப் பார்க்கட்டும் என்று உங்கள் சூழல் முகமைதான் அனுப்பியிருக்கிறது. என் தையல் கடைக்கு எதிரேதானே பஞ்சாயத்து ஆபீஸ்? ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே வாசலில் நின்று கேட்டேன். பாசன சங்கத் தலைவர் சின்னக்கருப்பன் அண்ணன்தான் சத்தமாக வாசித்தார். பதினான்காம் பக்கத்தில் என் பெயர் வந்தது.

"மேலச்சுனையூர் பெரிய கண்மாயின் நீர் மிகத் தெளிவாக உள்ளது. அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் திருமதி செல்லத்தாய் எடுத்தனுப்பிய பதினோரு அளவுகளே இதற்குச் சான்று. ஆகவே ஆலையினால் கண்மாய்க்குப் பாதிப்பில்லை."

அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, நாத்து கருகுனப்ப எங்க கூட வரப்புல நின்னு அம்புட்டு அழுத. அதெல்லாம் நடிப்பா?" என்றார். ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

எங்கள் வீட்டு இவருக்கு மூன்றாம் மடையில் ஒன்றரை ஏக்கர் இருப்பது உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நாற்று மஞ்சளாகி உட்கார்ந்துவிடுகிறது. மில் பெரிதானால் அந்த வயலை மறந்துவிட வேண்டியதுதான். எங்கள் வயல் மட்டுமில்லை, கண்மாய்க்குக் கீழே இருக்கிற அத்தனை பேர் வயலும்.

என்னைத் 'தண்ணீர்த் தோழி' என்று சேர்த்துவிட்டது நீ. மாதம் ஒரு தடவை கண்மாய்த் தண்ணீரை அந்தப் பிளாஸ்டிக் குழாயில் ஊற்று, அடியில் இருக்கிற கறுப்புக் குறி எந்த உயரத்தில் மறைகிறது என்று பார், கார்டில் எழுதிப் போடு என்று சொன்னதும் நீ. போட்டேன். அந்தக் கார்டுகளை மில்காரன் கையில் கொடுத்தது யார்? என் எண்களை மாற்றி எழுதினாயா?

உண்மையைச் சொல். பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தாயே, சிறந்த தண்ணீர்த் தோழி என்று. கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். இன்றைக்குக் கழற்றிவிட்டேன்.

செல்லத்தாய்


காளவாசல்,
மதுரை.
28.1.2025

அன்புள்ள செல்லத்தாயி,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன்.

கூட்டம் அறிவித்த நாளிலிருந்து உங்கள் ஊர்க்காரர்கள் யாருடனும் நான் போனில் பேசக்கூடாது என்று எங்கள் மேலதிகாரி ஜேசுராஜ் சார் சொல்லிவிட்டார். கடிதம் எழுதக்கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள் என்று நினைத்திருப்பார். அதனால் இதை ஆபீசில் எழுதாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் எண்களில் நான் கை வைக்கவில்லை. இதை நீ நம்பினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

கார்டுகளை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மக்கள் எடுக்கிற அளவு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதச் சொல்லிச் சண்டை போட்டவளே நான்தான். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திவிட்டு, ஒப்பந்த வேலைதான் என்று தெரிந்தும் இந்த மக்கள் பங்கேற்புப் பிரிவுக்கு வந்தது அதற்காகத்தான். மில்லுக்கு அறிக்கை எழுதும் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்தேன். இப்படித் திரும்பும் என்று நினைக்கவில்லை.

உன் கார்டுகள் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. கண்மாய் வற்றிக் கிடந்த ஐந்து மாதம் போகப் பதினோரு கார்டு. எல்லாம் உன் கையெழுத்து. எல்லாவற்றிலும் அறுபது. அதே குண்டு ஆறு, வால் சுருண்டது, ஏழாம் வகுப்பில் மேரி சிஸ்டர் திட்டுவாரே, அது. அறுபது என்றால் குழாய் நிரம்ப ஊற்றியும் குறி தெரிகிறது என்று அர்த்தம். குடிதண்ணீரே சில நாள் அப்படி இருக்காது.

நாற்று கருகியதை நீ எனக்கு ஏன் சொல்லவில்லை? பொங்கலுக்கு முன்னால்கூடப் பேசினோம். சாமந்தி விலை பேசினாய், உன் மகள் காலேஜ் பேசினாய். வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோபப்படாமல் ஒன்று எழுது. அந்தத் தண்ணீரை எங்கே எடுத்தாய், எப்படி எடுத்தாய்? ஒன்றையும் விடாமல் எழுது.

பெர்சி


மேலச்சுனையூர்,
1.2.2025

பெர்சிக்கு,

விசாரணையா? சரி, எழுதுகிறேன். என் வேலையில் ஒரு நூல்கூடப் பிசிறு இருக்காது.

முதல் தேதி விடிந்ததும் குளித்துவிட்டுப் போவேன். கிழக்குக் கரையில் அய்யனார் கோயிலுக்குப் பின்னால் படி இருக்கிறது. கண்மாயில் நல்ல தண்ணீர் என்றால் அந்த இடம்தான், அந்தக் காலத்தில் குடிக்க மொண்டது அங்கே. மேற்கே மில் வாய்க்கால் வந்து சேருகிற இடத்தில் மாடுகூட இறங்காது. அங்கே போய் எவள் தண்ணீர் எடுப்பாள்?

இடுப்பளவு இறங்கி, மேல் தண்ணீரைக் கையால் விலக்கிவிட்டு மொள்ளுவேன். வீட்டுக்கு வந்து, புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடத்தின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, நிதானமாக வடிகட்டுவேன். அவசரப்பட்டால் துணி கீழே இறங்கிவிடும். தெளிந்த பிறகுதான் உன் குழாயில் ஊற்றுவேன். சில மாதம் கண்மாயில் நுரை பொங்கிக் கிடக்கும். அன்றைக்கு எடுக்க மாட்டேன். இரண்டு மூன்று நாள் பொறுத்து, அடங்கிய பிறகு எடுப்பேன். ஆனால் தேதி ஒன்று என்றுதான் போடுவேன். உனக்கு ஒழுங்கு பிடிக்கும்.

என்ன குறை சொல்வாய் இதில்? வெளியூர் ஆபீசுக்குப் போகிற தண்ணீர். நம் வாசலுக்கு ஒருத்தர் தாகம் என்று வந்தால் கலங்கலையா மொண்டு கொடுப்போம்? உன் மேஜைக்கு எங்கள் ஊர் பெயரைப் போட்டு ஒரு கார்டு வருகிறது, அது நாறிக்கொண்டா வர வேண்டும்? பயிற்சிக்கு வந்த நாற்பது ஊர்ப் பொம்பளைகளில் என் ஊர் இளப்பமாகிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

வயலைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நீ ஆபீசர். உன்னிடம் போய் ஒப்பாரி வைத்தால், சலுகை கேட்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

இன்றைக்கு முதல் தேதி. கார்டு போடவில்லை. போடவும் மாட்டேன்.

செல்லத்தாய்


காளவாசல்,
5.2.2025

அன்புள்ள செல்லத்தாயி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "டீச்சர், ஊருல யாருக்கும் எதுவும் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேராகவே சொல்கிறேன். அட்டை மில் கழிவு என்பது கரைந்த காகிதக் கூழ். சின்னச் சின்ன நார். தண்ணீரைக் கலக்குவது அதுதான். நீ இரண்டு மடிப்புத் துணியில் நிதானமாக வடிகட்டினாயே, கண்மாயிலிருந்து மில்லையே வடிகட்டி எடுத்துவிட்டு மீதியை எனக்கு அனுப்பியிருக்கிறாய். இருக்கிற இடத்திலேயே நல்ல இடம், இருக்கிற நாளிலேயே நல்ல நாள், அதற்கு மேல் துணி. அறுபது வராமல் என்ன வரும்?

அழாதே. தப்பு உன்னுடையது இல்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் அந்த ஹாலில் நாற்பது பேருக்கும் ஒரே நாளில் பயிற்சி கொடுத்தேன். செய்து காட்டுவதற்கு டிரம்மில் இருந்தது குடிதண்ணீர். குறி மறைவதைக் காட்ட அதில் கொஞ்சம் மண்ணைக் கலக்கினேன். வடிகட்டக்கூடாது என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் குழாயடியில் வளர்ந்தவள். அழுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் எடுக்க வேண்டும் என்பதும் எனக்குச் சொல்லாமலே புரிகிற விஷயம். உனக்குப் புரிந்தது வேறு, அதுவும் நியாயம்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மில் வாய்க்கால் சேரும் இடத்தில், வடிகட்டாமல், புதிதாக எடு. சின்னக்கருப்பன் அண்ணனையும் இன்னும் இரண்டு பேரையும் சாட்சிக்கு வைத்துக்கொள். கூட்டத்தில் அந்த அளவை மனுவாகக் கொடு. பழைய கார்டுகளைப் பற்றி யாராவது கேட்டால், பருவத்துக்குப் பருவம் தண்ணீர் மாறும் என்று மட்டும் சொல். துணியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். எல்லோர் முன்னாலும் நீ சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நான் சொன்னபடி செய், தாயி.

பெர்சி


மேலச்சுனையூர்,
9.2.2025

பெர்சிக்கு,

அந்த வேட்டித் துணியைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு வட்டம், டீ கொட்டிக் காய்ந்த மாதிரி பழுப்பு. சோடா உப்புப் போட்டுத் துவைத்துத் துவைத்து அடுத்த மாதத்துக்கு மடித்து வைத்திருக்கிறேன். மில் கழிவை என் கையாலேயே அலசிவிட்டு, தண்ணீர் நல்லா இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கண் இருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன் பெர்சி.

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் எழுந்து வயலுக்குப் போய்விட்டார், சாப்பிடக்கூட வரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். 'துணியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.' எனக்கு மானம் போய்விடும் என்றா நீ பயப்படுகிறாய்? பள்ளிக்கூடத்தில் எனக்கு மானம் போன நாளெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தவள் நீ. இதில் வேறு என்னவோ இருக்கிறது என்று தோன்றியது. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் அந்தத் தடிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

பின்னிணைப்பு ஒன்பது. 'தன்னார்வலர் செல்லத்தாய் நீர் எடுக்கும் முறை நேரில் சரிபார்க்கப்பட்டது. வருகைகள்: நான்கு.' நாலு தேதி. நாலு கையெழுத்து. கீழே பெர்சி.

நீ நாலு தடவை எங்கள் ஊருக்கு வந்திருக்கிறாயா? வந்தவளுக்கு நான் என்ன சோறு போட்டேன், சொல். எந்தச் சேலை கட்டியிருந்தேன்? பதினாறு மாதத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் உன் கால் படவில்லை. வருவாய் வருவாய் என்று ஒவ்வொரு முதல் தேதியும் வாசலில் கோலத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டவள் நான்.

ஒரு தடவை வந்து படியில் நின்று பார்த்திருந்தால், "ஏண்டி கூறுகெட்டவளே, என்ன செய்யிற?" என்று துணியைப் பிடுங்கி எறிந்திருப்பாய்.

ஹாஸ்டலில் நீ தொட்டிக் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வந்து, மொத்தத் தண்ணீரும் ஓடிப்போன நாள் ஞாபகம் இருக்கிறதா? மேரி சிஸ்டர் யார் என்று கேட்டார். நீ தரையைப் பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன். சாயந்திரம் வரை சேப்பல் வாசலில் வெயிலில் நின்றேன். அன்றைக்கு நமக்குப் பன்னிரண்டு வயசு, போகட்டும் என்று விட்டேன். இப்போது நாற்பத்தாறு.

செல்லத்தாய்


காளவாசல்,
13.2.2025

செல்லத்தாயி,

நான் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். மூன்று மாவட்டத்துக்கு ஒரே ஜீப், அது எனக்குக் கிடைக்காது. நாலு மாதத்துக்கு ஒரு முறை படிவம் போகாவிட்டால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பஸ் இருந்ததே. காளவாசலிலிருந்து ஒரு மணி நேரம். மற்ற ஊர்கள் சிலவற்றுக்குப் பஸ்ஸிலேயே போனேன். உன் ஊருக்குத்தான் போகவில்லை. செல்லத்தாயிதானே, அவள் தப்பாகச் செய்ய மாட்டாள் என்று இருந்துவிட்டேன். தெரியாதவர்களைச் சரிபார்த்தேன், உன்னைச் சரிபார்க்கவில்லை. நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். சோம்பல் என்று சொன்னாலும் அதுதான்.

நீ துணியைப் பற்றிப் பேசினால், யார் சரிபார்த்தது என்று அடுத்த நிமிஷம் கேட்பார்கள். என் ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதி புதுப்பிக்க வேண்டியது. அது போனால் போகட்டும் என்று பெருந்தன்மையாக எழுத எனக்கு வரவில்லை. பயமாக இருக்கிறது. என்னை விட அதிகமாகப் பயப்படுவது மற்ற முப்பத்தொன்பது ஊர்க் கார்டுகளுக்காக. ஒரு ஊரில் ஆரிபா என்று ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், கார்டு போட்டுப் போட்டே பட்டறைக்காரர்கள் வாய்க்காலில் ஆசிட் கொட்டுவதை நிறுத்த வைத்தார். என் கையெழுத்து பொய் என்றால் அவர் கார்டையும் குப்பையில் போடுவார்கள். படிக்காத பொம்பளைகளிடம் குழாயைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வதற்கு எங்கள் ஆபீசிலேயே ஆள் இருக்கிறது.

தொட்டிக் குழாய் ஞாபகம் இருக்கிறது. அந்த வெயிலும் ஞாபகம் இருக்கிறது. உன்னிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்துப் பேசாமல் விட்டேன். அதையும் சரிபார்க்காமல் விட்டதுதான்.

நீ என்ன பேசினாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். கோபம் வரும். ஆனால் நீ பேச வேண்டாம் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

கூட்டத்துக்கு நானும் வருவேன். மேடை ஓரத்தில் உட்கார்ந்து, யார் யார் என்ன சொன்னார்கள் என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை.

பெர்சி


மேலச்சுனையூர்,
17.2.2025

பெர்சிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், முகூர்த்தத் துணி குவிந்து கிடக்கிறது.

நேற்று சின்னக்கருப்பன் அண்ணனையும் சங்கத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். கால் கொழகொழ என்று புதைந்தது. வடிகட்டாமல் ஊற்றினேன். நாலு விரல் உயரம் ஊற்றுவதற்குள் குறி காணாமல் போய்விட்டது. அண்ணன் மூன்று தடவை குனிந்து பார்த்தார்.

அப்புறம் அவரிடம் துணியைப் பற்றிச் சொன்னேன். "கூட்டத்துல இதச் சொன்னேனு வையி, மில்லுக்காரன் ஒன்னய வச்சுச் சிரிப்பானே ஆத்தா" என்றார். சிரிக்கட்டும் என்றேன். நான் எழுதிக் கொடுத்த பொய்யை நான்தான் திரும்ப வாங்க வேண்டும். பருவம் மாறும் அது இது என்று சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

என் துணியைப் பற்றித்தான் பேசுவேன். உன் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பின்னிணைப்பு ஒன்பதை அண்ணனிடம்கூடக் காட்டவில்லை. அது உன் பாடு. இந்தத் தடவை உனக்காக நான் கையைத் தூக்கவும் மாட்டேன், உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன்.

செல்லத்தாய்


மேலச்சுனையூர்,
22.2.2025

பெர்சி,

கூட்டம் முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறிவிட்டாய். கூப்பிட்டேன், கேட்கவில்லை. நீ எழுதியெழுதித் தலை குனிந்தே இருந்ததால் பாதியைப் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மைக் என் கைக்கு வந்தது. ஐந்நூறு பேர் இருப்பார்கள், வீடியோ வேறு. முதலில் குடத்தை வைத்தேன். துணியைக் கட்டினேன். கேனில் கொண்டுபோன மில் வாய்க்கால் தண்ணீரை மேஜைக்கு முன்னாலேயே ஊற்றினேன். வடிந்த தண்ணீரைக் குழாயில் ஊற்றி, "இதான் சார் நான் அனுப்புன அறுபது" என்றேன். துணியை அவிழ்த்து விரித்துக் காட்டி, "இது நான் அனுப்பாதது. விருந்தாளிக்குக் கொடுக்குற மாதிரி உங்களுக்கும் வடிகட்டிக் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கிருங்க" என்றேன்.

மில் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர் ஆட்களும் சிரித்தார்கள், இவர் உட்பட. அந்தத் துணியில் கூழ் பிடித்திருந்ததைப் பார்த்து மெதுவாக அடங்கினார்கள்.

அப்போதுதான் அறிக்கை எழுதிய கம்பெனிக்காரர் எழுந்தார். "சார், இந்தம்மா இன்னைக்கு வந்து கதை சொல்றாங்க. முகமை அதிகாரியே நாலு தடவை நேர்ல போய்ச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதிகாரி பொய்யா, இந்தம்மா பொய்யா?" என்று கேட்டார்.

கையைத் தூக்கிவிடுவேனோ என்று பயந்து குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தை நடத்திய பெரிய ஆபீசர் உன் பக்கம் திரும்பினார். ஜேசுராஜ் சார் உன்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். பழைய மாதிரியே பார்த்தாய். போச்சு என்று நினைத்தேன்.

நீ எழுந்தாய். மைக் இல்லாமலே, வகுப்பில் பேசுவது போலப் பேசினாய். "அவங்க சொல்றது உண்மை சார். நான் போகலை. ஒரு தடவைகூடப் போகலை. போனேன்னு பொய்யா எழுதினது நான்தான்."

அதன் பிறகு நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து, பேனாவை எடுத்து, நீ சொன்னதை நீயே குறிப்பில் எழுதிக்கொண்டாய்.

அழுதேன். ஊர்க்காரர்கள் எல்லாம் மில்லுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

அந்தப் பதினோரு அளவையும் அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும், மூன்று மாதம் ஊர்க்காரர்கள் முன்னிலையில் கண்மாயில் நாலு இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை மில்லின் மனு நிற்கட்டும் என்று பெரிய ஆபீசர் சொன்னதை நீயும் எழுதியிருப்பாய். சின்னக்கருப்பன் அண்ணன் வெளியே வந்து, "அந்த டீச்சர் யாருத்தா? ஒனக்குத் தெரிஞ்சவுகளா?" என்றார்.

தெரிந்தவள்தான் என்றேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

அன்புடன்,
செல்லத்தாய்


காளவாசல்,
20.3.2025

அன்புள்ள செல்லத்தாயி,

நம்பரைத் திறந்ததற்கு நன்றி. ஆனாலும் இதைப் போனில் சொல்ல முடியாது, எழுத்துதான் சரி.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலில் ஒரே வரி எழுதினேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஜேசுராஜ் சார் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஒரு இட்லி வைத்துவிட்டு, "ஏன் டீச்சர், அன்னைக்குச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் பயந்தது பாதிதான் நடந்தது. திட்டத்தை நிறுத்தவில்லை. நாற்பது ஊரிலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்வோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் பஸ்தான். முகமெல்லாம் கறுத்துவிட்டது.

உனக்கு ஒரு சேதி. நீ மட்டும் இல்லை. இதுவரை பார்த்த முப்பத்தொரு ஊரில் ஏழு பேர் வடிகட்டியிருக்கிறார்கள். ஒருவர் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியிருக்கிறார். சுபலட்சுமி என்று ஒரு பெண், குளத்துத் தண்ணீர் அசிங்கமாக இருக்கிறதென்று வீட்டு போர் தண்ணீரை அனுப்பியிருக்கிறாள். ஆரிபாவின் கார்டுகள் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன. "அசிங்கத்தைக் காட்டத்தானே டீச்சர் கொழாய் குடுத்தீக?" என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. புதுக் கார்டில் 'எடுத்த இடம்', 'வடிகட்டியதா' என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் ஒரு கட்டு வரும்.

உங்கள் ஊரைக் கடைசியில் வைத்திருந்தேன். வெட்கம்தான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் முறை ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வருகிறது. என் வேலை 31-ஆம் தேதியோடு முடிகிறது. அன்றைக்கு நான் முகமையில் யாரும் இல்லை. என் கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை.

இருந்தாலும் வரட்டுமா?

பெர்சி


தண்ணீர்த் தோழி: மாத அளவுக் கார்டு
(ஒன்று முகமைக்குப் போட்டாயிற்று. இது உனக்கு நகல்.)

ஊர்: மேலச்சுனையூர்

நீர்நிலை: பெரிய கண்மாய்

தேதி: 1.4.2025. உண்மையான தேதி.

எடுத்த இடம்: மேற்குக் கரை, மில் வாய்க்கால் சேரும் இடம்

குறி மறைந்த உயரம்: 6 செ.மீ. பக்கத்தில் சைபர் விட்டுப்போகவில்லை, ஆறுதான்.

வடிகட்டியதா: இல்லை

எடுத்தவர்: செல்லத்தாய்

நேரில் சரிபார்த்தவர்: பெர்சி

பதவி: என் கூடப் படித்தவள்

குறிப்பு: முழங்கால் வரை சேற்றில் இறங்கிச் செருப்பைத் தொலைத்தாள். என் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறாள். தவக்காலம், கறி மீன் வேண்டாம் என்றதால் கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் கட்டியிருந்தது பச்சைச் சேலை. படிவத்தில் போட்ட நாலு வருகையில் ஒன்று ஆயிற்று. இன்னும் மூன்று தடவை வர வேண்டும்.